சின்ன டிரம்முக்கு நடு எங்க இருக்கு?

பாட்டில் கம்பெனியில கழுவுற வரிசையில நின்னவங்களுக்கு மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். குருவிச் சத்தம் போகும். குக்கர் விசில் போகும். போன்ல பேசுறவங்க சொல்ற "ஸ்" போகும். தடிச்ச சத்தம் மட்டும் கூடவே இருக்கும்: லாரி, இடி, பக்கத்து வீட்டுக்காரர் குறட்டை. சத்தத்தை அடக்க மெஷினுக்கு மூடி போடுங்கடான்னு சங்கத்துல இருந்து கத்தினோம். மூடி வந்து சேர்றதுக்குள்ள அந்த வரிசையில நின்ன ஒரு அம்மாவோட காது பாதி காலி. இதை அழகா சொல்ல எனக்கு வராது. களவாடிட்டாங்க, அவ்வளவுதான்.

ஆனா நான் எழுத வந்தது காதைப் பத்தி இல்ல, காலைப் பத்தி.

எங்க சங்கத்துக்கு ஒரு பாட்டுக் குழு உண்டு. கிட்டார் வாசிக்கிறவர் முடிவெட்டுற கடைக்காரர். பாடுறது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தங்க. டிரம்ஸ், காது போச்சுன்னு சொன்னேனே, அந்தம்மா. குழுவுல எல்லாருக்கும் அக்கா. மத்த சத்தமெல்லாம் பஞ்சுக்குள்ள போன மாதிரி ஆனப்புறம், பாட்டுன்னு அவங்களுக்கு மிஞ்சினது கால்ல மிதிக்கிற பேஸ் டிரம் ஒண்ணுதான்.

அது இருபத்திநாலு இஞ்ச் டிரம். பெரிய உருப்படி. பெடலை மிதிச்சா உடனே ஒண்ணும் நடக்காது. அப்புறம் தரைக்குள்ள படுத்திருந்த யாரோ சோம்பல் முறிச்சு எழுந்திரிக்கிற மாதிரி ஒரு காத்து வரும். முழங்கால்ல ஏறி, தொடையில ஏறி, வயித்துக்குள்ள வந்து உக்காரும். கொஞ்ச நேரம் இருந்துட்டு மெதுவா கரையும். அது கரையறதுக்குள்ள அடுத்தது வந்துடும். வாசிக்கும்போது அக்கா முகத்தைப் பார்த்தா, மிதக்குற படகுல தூங்குறவங்க முகம் மாதிரி இருக்கும்.

ஒரு பழைய குடோன்ல ஒத்திகை பார்த்த வரைக்கும் பிரச்சனை இல்ல. குடோன் கை விட்டுப் போய், மருந்துக்கடைக்கு மேல ஒரு சின்ன அறைக்கு வந்தோம். அங்க பெரிய டிரம்மோட சத்தம் போக்கிடம் இல்லாம சுத்துச்சு. ஒரு அடி மேல இன்னொரு அடி ஏறி, நர்ஸம்மா பாடுற வார்த்தை எல்லாம் அதுக்குள்ள முங்கிப் போச்சு. மூணாவது பாட்டுல கீழ இருந்து மருந்துக்கடைக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"ஐயா, பாட்டு பிரமாதம். என் இருமல் மருந்தெல்லாம் ஆடிக்கிட்டே அலமாரி ஓரத்துக்கு வந்துடுச்சு. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

கிட்டார்க்காரர் எங்கேயோ சொல்லி ஒரு பதினெட்டு இஞ்ச் டிரம் கொண்டு வந்தார். அறைக்கு அளவான சாமான். தோல் நல்லா இறுக்கம், சத்தம் குட்டியா, பட்டுனு வந்து பட்டுனு போயிடும். அக்கா உக்காந்தாங்க. மிதிச்சாங்க. வயித்துக்கு ஒண்ணும் வரல. பயந்து போய் கிட்டார்க்காரர் தோளைப் பார்த்து மிதிச்சாங்க. அவரோ அக்கா காலைப் பார்த்து வாசிக்கிறார். வாசல்ல "நீங்க முதல்ல போங்க"ன்னு ரெண்டு பேர் மாறி மாறி நிக்கிற கதையா, பாட்டு அப்படியே நின்னுபோச்சு.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னார் அவர். "சங்கத்து ஆண்டு விழா வருது. அதுக்கு மட்டும் என் மச்சானை உக்கார வெச்சுக்கலாம். நீங்க பக்கத்துல..."

"பக்கத்துல உக்காந்து கை தட்டவா?"

"நான் அப்படிச் சொல்லலையே!"

"நீங்க சொன்னது எங்க கேக்குது தம்பி? உதடு சொல்லிடுச்சு."

சனிக்கிழமை ஒரு தடவை வாசிச்சுப் பார்க்கட்டும், சரியா வந்தா அக்கா, இல்லேன்னா மச்சான்னு முடிவாச்சு. ஆண்டு விழாவுக்கு மட்டும்னு பேச்சு. அந்த "மட்டும்" எவ்வளவு தூரம் போகும்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். உக்காந்த மச்சான் எழுந்திரிக்க மாட்டான்.

அக்கா அந்தச் சின்ன டிரம்மை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. மக பார்த்துட்டு, "என்னம்மா, துணி ஊறப்போட புது வாளியா?"ன்னா. அக்காவுக்கு விளங்கல. விளங்கியிருந்தா ஒரு அடி விழுந்திருக்கும்.

மத்தியானம். கொடியில காயுற போர்வை வழியா வெளிச்சம் வந்து அறை முழுக்க வெளிர் மஞ்சளாக் கிடந்துச்சு. மகளை மிதிக்கச் சொல்லிட்டு, அக்கா தரையில உக்காந்து டிரம்மோட முன்பக்கத் தோல்ல உள்ளங்கையை வெச்சாங்க. தண்ணிக்குள்ள கையை விட்டு மீன் தேடுற மாதிரி நகர்த்திப் பார்த்தாங்க. அதிர்வு இருந்துச்சு. ஆனா மெலிஞ்சு, மேல்பக்கமாவே ஒதுங்கிப் போயிருந்துச்சு. அப்புறம் எட்டி அந்தப் பக்கம் பார்த்தாங்க.

பெடல்ல இருக்கிற பஞ்சு உருண்டை எப்பவும் ஒரே உயரத்துலதான் போய் விழும். பெரிய டிரம்முல அந்த உயரம் கிட்டத்தட்ட நடு. சின்னது தரையோட தரையா இருக்கிறதால, உருண்டை நடுவைத் தாண்டி மேல போய் அடிக்குது. இவ்வளவு நாளும் பெரிய டிரம்முல பழகினதால யாருக்கும் அது தோணல.

அக்கா சமையலறைக்குப் போய் காய் நறுக்குற பலகையை எடுத்துட்டு வந்து டிரம்முக்கு அடியில கொடுத்தாங்க. டிரம் மேல ஏறுச்சு. பெடல் தரையிலேயே நின்னு, அதோட வாய் பலகை ஓரத்தைக் கவ்விக்கிச்சு.

"அப்போ நான் காயை எது மேல வெச்சு நறுக்குறது? தலை மேலயா?"

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா, மிதி!"

மிதிச்சாங்க. இப்போ சத்தத்துக்குக் கொஞ்சம் சதை வந்திருந்துச்சு. ஆனாலும் வயிறு வரைக்கும் ஏறல. அக்கா வாசிக்கிறப்போ எப்பவும் போட்டுக்கிற செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலால மிதிச்சுப் பார்த்தாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது. இறுக்கமான சின்னத் தோல் உருண்டையைச் சட்டுனு திருப்பித் தள்ளுது. தள்ளின உடனே பெடல் எழும்பி உள்ளங்காலைத் தட்டுது. வயித்துக்குச் சேதி அனுப்பாம, இது பாதத்துக்கே பதில் சொல்லுது. அதுவும் உடனே.

இன்னொண்ணும் விளங்குச்சு. பெரிய டிரம் சாவகாசமா எழுந்து வர்றதால, அவங்க கால் எப்பவும் ஒரு மூச்சு முன்னாடியே மிதிச்சுப் பழகியிருந்துச்சு. இங்க அந்த முந்துதல் வேண்டாம். முந்தினா பாட்டு அறுந்துடும்.

அந்த வாரம் பூரா கண்ணை மூடிக்கிட்டு மிதிச்சாங்க. வயித்துல வர்ற அதிர்வுக்குக் காத்திருக்காம, முந்தவும் செய்யாம மிதிக்கிறது சாதாரணக் காரியமான்னு கேட்டா, மாடி இறங்குறப்போ இருக்கும்னு நெனச்ச கடைசிப் படி இல்லாம இருந்தா எப்படியோ, அப்படின்னாங்க. கால் தேடும். ஒண்ணும் இருக்காது. உடம்பு ஒரு தடவை விழப் பார்க்கும். அப்படி விழுந்து விழுந்துதான் கால் புது வழி கண்டுபிடிச்சுச்சு.

சனிக்கிழமை பலகையோட வந்தாங்க. மச்சான் குச்சி ரெண்டையும் மடியில வெச்சுக்கிட்டு, கல்யாண வீட்டுல சாப்பாட்டுக்கு அடுத்த பந்தியில நிக்கிறவர் மாதிரி காத்திருந்தார். மெதுவான பாட்டுதான் எடுத்தாங்க, அதுலதான் ஒளிய இடம் இருக்காது. அக்கா யார் தோளையும் பார்க்கல. வெறுங்கால் மிதிச்சுது, பெடல் தட்டுச்சு, மறுபடி மிதிச்சுது. நர்ஸம்மா பாடின ஒவ்வொரு வார்த்தையும் கழுவித் துடைச்ச மாதிரி நின்னுச்சு. அக்காவுக்கு அது கேக்கல, எங்களுக்குக் கேட்டுச்சு.

பாட்டு முடிஞ்சதும் மச்சான் குச்சியைப் பைக்குள்ள போட்டார். "அக்கா இருக்கட்டும் மாமா"ன்னார். மனுஷன் கெட்டவர் இல்ல.

நான் கிட்டப் போய், கத்தித்தான் கேட்டேன், பெரிய டிரம் வேணும்னு தோணலையான்னு.

"தோணாம இருக்குமா அண்ணே? அதுல ரெண்டு அடிக்கு நடுவுல யாரோ துணைக்கு இருந்தாங்க. இதுல யாரும் இல்ல." குனிஞ்சு பலகையை உருவி எடுத்தாங்க. "ஆனா அந்த நடுவுல இடம் நிறைய இருக்கு."

ஆண்டு விழாவுல நாற்காலியை ஓரம் கட்டிட்டு எல்லாரும் ஆடினாங்க. அக்கா இந்த முறை கண்ணை மூடல. குனிஞ்சு தரையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. கிழிஞ்ச ஷூ, ரப்பர் செருப்பு, வெறும் பாதம்னு அவ்வளவு காலும் அக்கா கால் இறங்குற நேரம் பார்த்து இறங்குச்சு.