வெள்ளிக்கிழமை மாட்டிய பாஸ் மீன்

இன்று லீவு. லாசால் ஆற்றங்கரையில் பனிக்கட்டி உருகிவிட்டதென்று கேள்விப்பட்டுத் தூண்டிலோடு போனேன்.

பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த கியூபெக் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். தண்ணீர் இன்னும் குளிராம், மீனுக்குச் சோம்பலாம். வெயில் படுகிற, ஓட்டமில்லாத ஓரத்தில் போட்டு மெதுவாக இழுக்கச் சொன்னார்.

இழுத்தேன். முழங்கை நீளம், உடம்பெல்லாம் கறுப்புக் கோடு போட்ட பாஸ் மீன்.

மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையப்பா. மச்சம் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

போனை வைக்க, அந்தப் பெண்ணும் கொண்டுபோகக் கூடாதென்று தலையை ஆட்டினார். இந்த ஆற்றில் அற்றுப்போன இனமாம். இப்போதுதான் திரும்ப விட்டு வளர்க்கிறார்களாம். பிடித்தால் உடனே விடவேண்டும், அதுதான் சட்டம்.

விட்டேன்.

வீட்டுக்கு வந்து, "நீர் சொன்னபடியே விட்டிட்டன்" என்றேன். சட்டத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அடுப்படியில் மீன் குழம்புக்குப் புளி கரைத்து, வெங்காயம் வெட்டி, சட்டியும் எடுத்து வைத்திருந்தாள்.

"நான் ஒரு கதைக்குத்தானே சொன்னனான். நீங்கள் எப்ப என்ர சொல்லைக் கேட்டனீங்கள்?"

பன்னிரண்டு வருடத்தில் இன்றுதான் கேட்டேன். இரவுக்குச் சோறும் புளித்தண்ணியும். உங்கள் வீடுகளிலும் வெள்ளிக்கிழமை இவ்வளவு கண்டிப்போ?