சாதியாவின் மேப்பில் இல்லாத போர்வெல்கள்

சாதியாவிடம் என்ன வேலை என்று கேட்டால், "காதால பாக்கற வேலை" என்பாள். புதுச்சத்திரத்தில் எங்கள் போர்வெல் கம்பெனிக்கு எட்டு வண்டிகள். போர் போட்டு முடித்ததும் வண்டிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார்கள்: எந்த ஊர், யார் தோட்டம், எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர். அதைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள். மூன்று வருடத்தில் ஒரு பதிவைக்கூட மறுநாளைக்குத் தள்ளியதில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் பார்க்கிற எனக்கு ஒரு போல்ட் எங்கே இருக்கிறதென்று சொல்லத் தெரியாது. அதனாலேயே அவள்மேல் கொஞ்சம் எரிச்சல்.

சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் அஸ்தம்பட்டிக்காரர். "உங்க ஆளுங்க மண்டையில இருக்கறதெல்லாம் இனிமே மேப்புல தெரியும்" என்றார். பதிவு ஏறிய இடமெல்லாம் நீலப் புள்ளி. ஆனால் 'தண்ணீர் எத்தனை அடி' என்ற கட்டத்தை நிரப்பாமல் எதுவும் ஏறாது. தண்ணீரே வராவிட்டால்? அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வறண்ட போரை எழுதி வைத்தால் அடுத்ததும் வறண்டுவிடும் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு பயம். ஆக, எங்கள் மேப்பில் மட்டும் சேலம் மாவட்டம் முழுக்கத் தண்ணீர் பொங்கியது.

போன சித்திரையில் கெங்கவல்லியிலிருந்து பச்சமுத்து வந்தார். பாக்குத் தோப்பு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு போர் ஏற்கெனவே வீண். மூன்றாவதும் போனால் தோப்பை வெட்டிவிட வேண்டியதுதான் என்றார்.

முதலாளி கோகுல்ராஜ் மேப்பைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, உங்க தோப்பைச் சுத்தி ஒம்பது புள்ளி. கண்ணை மூடிட்டுப் போடலாமுங்க."

சாதியா எழுந்தாள். "தண்ணி வராத போர் எதுவும் இதுல இல்லண்ணா. ஏத்த எடமில்ல. ஆனா பேசி அனுப்புனதெல்லாம் அழிக்காம வச்சிருக்கேன்."

முதலாளி முறைத்த முறைப்புக்கு, நானாக இருந்தால் டீ வாங்கப் போயிருப்பேன். அவள் போனை மேசையில் வைத்து, அந்தத் தோப்பைச் சுற்றிப் போட்ட போர்களின் பேச்சை ஒவ்வொன்றாக ஓட்டினாள். எல்லாம் டிரில்லர் மணிமாறனின் குரல். "வெறும் பொகைதானுங்க, ஆயிரத்தி எரநூறு அடி." ஈரமே இல்லாமல் பாறைத்தூள் பறப்பதைத்தான் அவர்கள் புகை என்பார்கள். அடுத்ததும் புகை. அதற்கடுத்ததும்.

பத்தாவதில் மணிமாறன் சொன்னான்: "கதிர் தோட்டமுங்க. இதுவும் பொகைதான். மனுசன் அப்படியே மண்ணுல உக்காந்துட்டாருங்க."

பச்சமுத்து கையை உயர்த்தினார். "இன்னொரு தடவ போடும்மா."

போட்டாள்.

"எந் தம்பிம்மா. தண்ணி வந்துச்சுன்னுதான் எங்கிட்ட சொன்னான். தண்ணி இருக்கற நெலத்த விட்டுட்டு திருப்பூருக்கு ஓடறியேடான்னு கை நீட்டிட்டேன். ரெண்டு வருசமாப் பேச்சு இல்ல."

முதலாளி தன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு சாதியாவிடம் மெதுவாக, "அஸ்தம்பட்டிக்காரரைக் கூப்புட்டு இன்னொரு கட்டம் சேர்க்கச் சொல்லு சாமி. அத்தனையும் ஏத்தீரு" என்றார்.

போர் வேண்டாம் என்று எழுந்த பச்சமுத்து, வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"அவன் நம்பர அழிச்சிட்டேம்மா. உங்ககிட்ட இருக்குமா?"

ஏற்றாத போருக்குக் கம்ப்யூட்டரில் நம்பர் எப்படி இருக்கும்? சாதியா மணிமாறனுக்குப் போன் போட்டு வாங்கினாள். அவளே எண்களை அழுத்தி, போனைப் பச்சமுத்து கையில் கொடுத்தாள்.

"கதிரு... அண்ணன்டா. எனக்கும் பொகதான்டா வந்துச்சு."