ஃபோர்மேன் வாசித்த வேதபாடம்

சனிக்கிழமை சாயங்காலம் பாக்கியநாதன் தன் வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரில் சுருக்கம் மிஞ்சினால் மனைவி ஞானசுந்தரியை ஏசலாமே என்று இத்தனை வருஷமும் அந்த வேலையை அவளிடம் விட்டிருந்தவர். மறுநாள் சர்ச்சில் வேதபாடம் வாசிக்கப்போகிறார்; இந்தச் சட்டையில் யாரையும் நம்புவதாக இல்லை.

எல்லாம் புதுப் போதகரின் பிரசங்கத்தால் வந்தது. ஆண்டவர் ஆளுக்கொரு வரம் கொடுத்திருக்கிறார், அதைச் சபைக்குச் செலவழியுங்கள் என்றார் அவர். ஒருவர் சர்ச்சில் நின்றுபோயிருந்த ஃபேனைச் சரிசெய்து கொடுத்தார். பாக்கியநாதன் நேரே போய், "எனக்குத் தொண்டைதான் ஐயா வரம்" என்றார். போதகர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அந்தத் தொண்டையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஊருக்கு, எம். புதுப்பட்டிக்கு, தெரியும். பட்டாசுக் கம்பெனியில் பாக்கியநாதன் ஃபோர்மேன். மருந்தில் பொறி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் அவர்தான் பழக்குவார். அவர் "ஓடு!" என்று கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓட வேண்டும். செருப்பைத் தேடினால் ஏச்சு விழும். சபையில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் இப்படிப் பழகியவர்கள்.

"எங்க வீட்டாளு ஒருத்தரும் சர்ச்சு மேடையில ஏறி நின்னதில்ல. நாளைக்கு நான் நிக்கப்போறேன்" என்றார், சட்டையைத் தூக்கிப் பார்த்தபடி.

"நில்லுங்க. கத்தாம நில்லுங்க" என்றாள் ஞானசுந்தரி.

"நான் எப்பளா கத்துனேன்?" என்று கத்தினார் பாக்கியநாதன்.

ஞாயிற்றுக்கிழமைப் பாடம், நெருப்பு விழப்போகும் பட்டணத்திலிருந்து ஒரு குடும்பத்தைத் தூதர்கள் அவசரமாக வெளியேற்றும் பகுதி. முதலில் அடக்கித்தான் வாசித்தார். தூதர் பேசும் இடம் வந்ததும் அடக்கம் போயிற்று. ஓடு என்ற சொல் மைக்கில் அதிர்ந்ததுதான் தாமதம், சபை எழுந்தது. பாட்டுப் புத்தகங்கள் சரிந்தன, காணிக்கைத் தட்டு உருண்டது. பாடகர் குழுவில் இரண்டு பேர் ஜன்னல் வழியாகப் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை வேப்பமரத்தடியில் வெறுங்காலோடு மூச்சு வாங்கி நின்ற பிறகுதான் பாதிப் பேருக்கு அன்றைக்குக் கம்பெனி லீவு என்பதே ஞாபகம் வந்தது.

உள்ளே மிஞ்சியவர்கள் மூன்றே பேர்: பாக்கியநாதன், ஒன்றும் புரியாத போதகர், பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த ஞானசுந்தரி. வீட்டில் அவர் ரசத்துக்கு உப்பு கேட்பதும் அதே குரலில்தான்.

ஆராதனை ஒருவழியாக முடிந்ததும், போதகர் அங்கி மாற்றும் அறைக்குள் பாக்கியநாதன் நுழைந்தார்.

"பாத்தீகளாய்யா? ஒரு ஆளு பிந்தல!"

"பாத்தேன்" என்றார் போதகர். "அசனத்தன்னைக்கு எல்லாரையும் சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிடுற வேலை உங்களுக்குத்தான்."

"அத யாரு வேணாலும் கூப்பிடலாம்யா. அடுத்த வாரமும் பாடத்த எனக்கே குடுங்க. மெதுவா வாசிச்சாப் போச்சு."

"மெதுவா வருமா?"

"இந்தா, கேளுங்க."

மூச்சை இழுத்துத் தொண்டையை ஒடுக்கினார். உதடு அசைந்தது, தூதரைப் போல் கை உயர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மட்டும் வந்தது. கண்ணில் நீர் முட்ட, ஒரு வசனம் முழுவதையும் அப்படியே முடித்தார்.

"கேட்டுச்சாய்யா?"

போதகர் அங்கியை ஆணியில் மாட்டினார். மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனார்.