சத்வாவில் ஒரு கவிதைப் போர்

பச்சைத் தேநீரில் ஏலக்காய் கொதிக்கும் மணம் எங்கள் வீட்டுக் கதவிடுக்கு வழியாக நுழைந்துவிட்டால், எதிர்வீட்டில் சண்டை தொடங்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. துபாய் சத்வாவில், தையல் கடைகளுக்கு மேலே ஒரு பழைய கட்டடத்தில், தூத்துக்குடியிலிருந்து வந்த நாங்களும், காபூலிலிருந்து பெஷாவர் வழியாக வந்த என் தோழி நர்கிஸின் குடும்பமும் எதிரெதிரே குடியிருந்தோம். வெள்ளிக்கிழமை மதியங்களில் அவர்கள் வீட்டில் நடந்ததன் பெயர் 'ஷேர் ஜங்கி', கவிதைப் போர். நம் பாட்டுக்குப் பாட்டு மாதிரிதான். ஒருவர் சொல்லும் ஈரடி எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது, சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடவும் கூடாது.

பார்ப்பதற்கு அவர்களிடம் புத்தகமே கிடையாது. ஊரில் ஆட்சி மாறி வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்களில், நர்கிஸின் அம்மா தன் புத்தகங்களையெல்லாம் தன் கையாலேயே அடுப்பில் போட்டிருக்கிறார். மிச்சம், அவர் மனப்பாடமாக வைத்திருந்ததுதான். அதை மகளிடம் சேர்த்துவிட வேண்டுமென்ற தவிப்பு அவருக்கு. மகளோ என்னைப் போலவே பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் மிதந்துகொண்டிருந்தாள். "எனக்குப் பின்னால இதெல்லாம் கலாஸ், முடிஞ்சுது" என்று, பெஷாவரில் பழகிய உருதுவில், அரைகுறை இந்தி தெரிந்த என் அம்மாவிடம் புலம்புவார். மனசு கேட்காமல் அம்மா என்னைத் துரத்திவிட்டாள்: "ஏட்டி, அந்தப் புள்ளகூடப் போயி உக்காரு. ரெண்டு பேரா இருந்தா அவளுக்கும் தைரியமா இருக்கும்லா."

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை நர்கிஸ் முதல்முறையாகப் பெரியவர்களின் வரிசையில் அமர்ந்தாள். அவர்கள் மொழியான பாரசீகத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத நான் அவளுக்குப் பக்கபலம்! மூன்று சுற்று தாங்கினாள். நான்காவதில், ரொட்டிக்கடையில் வேலை பார்த்த அவள் மாமா வேண்டுமென்றே கஷ்டமான எழுத்தில் முடித்தார். நர்கிஸ் திருதிருவென்று விழித்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு எதையோ சொல்லிவிட்டாள். அன்று நடந்த பேச்சையெல்லாம் பின்னால் அவளே எனக்கு விளக்கினாள். அவள் சொன்ன ஈரடி இதுதான்:

ஏ.சி. சொட்டுவதை மழையென்று கேட்டு வளர்ந்தவள் நான்;
அம்மா, உன் மழையை எனக்குக் கொஞ்சம் சொல்.

"யாரு பாடினது?" என்றார் மாமா.

"ஒரு பழைய கவிஞர்."

"பழைய கவிஞர் வீட்ல ஏ.சி. இருந்துச்சா?"

வீடே சிரித்தது. நர்கிஸ் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எதற்கென்று புரியாமலே எனக்கும் அழுகை வந்தது. அவள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார், வாய்க்குள் முணுமுணுத்தார், பிறகு ஓர் எழுத்தும் பிசகாமல் உரக்கச் சொன்னார். தோல்வி தோல்விதான், மாமா விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த ஈரடியைச் சொல்லிக்கொண்டிருந்த அந்த அம்மாவை, அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இன்று அந்தக் கட்டடம் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. காபூலில் மறுபடியும் ஆட்சி மாறி, பெண்பிள்ளைகளின் பள்ளிகள் பூட்டிக் கிடக்கின்றன. கனடாவில் இருக்கும் நர்கிஸ், வாரம் ஒருமுறை அந்தப் பிள்ளைகளைக் கைபேசி வழியாகப் போருக்கு அழைக்கிறாள். பழைய விதிகளில் ஒன்றை மட்டும் தூக்கிவிட்டாளாம். போன வாரம் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். காபூலின் ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி இரண்டடி சொன்னாள். யாருடையது என்று நர்கிஸ் கேட்டாள்.

"என்னோடது" என்றது அந்தக் குரல்.