ஒரு துவக்கு இருந்திருந்தால்

சென்ற கோடையில் டெக்சாஸிலிருந்து என் தங்கையும் அவள் கணவரும் கிங்ஸ்பரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டின்போது, சட்டம் படிக்கும் என் மகள் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்டாள்.

“மாமா, நீங்கள் வீட்டில துவக்கு வச்சிருக்கிறீங்களா?”

“ஓம். அது அரசியலமைப்பு எங்களுக்குத் தந்த உரிமை.”

“இஞ்ச, இந்த நாட்டில, பொலிஸ் லைசென்ஸ் வேணும். தற்காப்புக்கு எண்டு கேட்டால் குடுக்கமாட்டினம்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “மச்சான், நீங்களே சொல்லுங்கோ. உங்கட அப்பாவை ஆமி பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு வீட்டில ஒரு துவக்கு இருந்திருந்தால்?”

நான் மேசைக்கும் சுவருக்கும் இடையில் இருந்தேன். பக்கத்தில் இருந்த மகள் எழுந்தால்தான் நான் வெளியே வர முடியும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

இராணுவம் கொண்டுபோன அப்பா திரும்பி வரவே இல்லை. அன்று தங்கைக்கு நான்கு வயது. அவரை ஏன் பிடித்தார்கள் என்று அவள் கேட்கும்போதெல்லாம், தெரியாது என்றே சொல்லிவந்தேன்.

“இருந்தது,” என்றேன். “ஒரு சிநேகிதன் தந்தது. நான்தான் அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சனான். ஆமி அதைக் கண்டுபிடிச்சிட்டுது.”

தங்கை கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போனாள். இரண்டு நாட்கள் என்னுடன் பேசவில்லை. விமான நிலையத்துக்குப் புறப்படும்போதுதான் வாசலில் நின்று கேட்டாள்.

“அண்ணை, அப்பா ஆமியிட்ட என்ன சொன்னவர்?”

“அது தன்ர துவக்கு எண்டு சொன்னவர்.”

அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போதும் ஞாயிறுதோறும் தொலைபேசி எடுக்கிறாள். என் மனைவியோடு மட்டும் பேசுகிறாள். நான் பக்கத்து அறையிலிருந்து, ஸ்பீக்கரில் வரும் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.