மஞ்சள் பையும் மடைத் தண்ணீரும்

ஆற்றுத் துறையில் பை சோதிக்கிறவனுக்கு நல்ல பேர் கிடைக்காது. முறைப்பு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ரேஷன் கடை வரிசையையோ கல்யாணப் பந்தியையோ ஒழுங்குபடுத்திப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

அமாவாசைக்கும் விடுமுறைக்கும் முல்லையாற்றில் குளிக்க வருகிறவர்களிடம் பிளாஸ்டிக்கை வாங்கி வைப்பது என் வேலை. துறைக்குக் கீழே வாய்க்கால் மடை இருக்கிறது. அதன் கம்பியில் குப்பை அடைத்தால், வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் என் அரை ஏக்கர் நெல் காயும். அடைக்காமல் ஆற்றோடு போவது வைகையில் சேர்ந்து கடலுக்குப் போகும். அதனால் எனக்கு இது பொதுச்சேவை இல்லை, வயிற்றுப்பாடு.

அறிவிப்புப் பலகை

'இங்கே போடும் பிளாஸ்டிக் கடலுக்குப் போகிறது' என்று பெரிதாக எழுதி வைத்தேன். கூடலூரிலிருந்து ஜீப்பில் வந்த பெரியவர் அதை நிதானமாக வாசித்தார். மனம் மாறிவிட்டார் என்று நம்பினேன். தண்ணீர் பாட்டிலை என் கண் முன்னாலேயே ஆற்றில் விட்டார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னது:

"கடலுக்குத்தான போகுது? இங்கன கெடக்காதுல்ல."

இலைத் தொன்னை

ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த மூலைதான் என் முதல் எதிரி. அதனால் நானே கத்தரித்து, ஷாம்புவை இலைத் தொன்னையில் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன். ஓடைப்பட்டியிலிருந்து வந்த அம்மா ஒருவர் ஆறு தொன்னை வாங்கிப் போனார். திரும்பும்போது ஆறையும் புத்தம் புது பிளாஸ்டிக் கவரில் கட்டி நீட்டினார். கவரை இடுப்பில் செருகி உள்ளே கொண்டு போயிருக்கிறார். இது எதற்கு என்று கேட்டேன்.

"எலைய ஆத்துல போட்டா நீங்க வைவீகன்னுதாண்ணே பத்திரமாக் கட்டிக் கொண்டாந்தேன்."

மடை அடைப்பு

போன அமாவாசைக்குப் பிறகு நாலு நாள் என் வயலுக்குத் தண்ணீர் இல்லை. பயிர் வாடி மஞ்சளாய்ப் பழுத்துவிட்டது. மடை பார்க்கும் காசியைக் கூட்டிக்கொண்டு, குளித்துப் போன அத்தனை பேரையும் வாய் ஓயாமல் திட்டியபடி தண்ணீரில் இறங்கினேன்.

கம்பியில் அப்பியிருந்தவை மஞ்சள் பைகள். ஒன்றை விரித்தேன். என் மகள் பெயர், மாப்பிள்ளை பெயர், நடுவில் குத்துவிளக்கு. தை மாதக் கல்யாணத்தில் நானே அச்சடித்து, தேங்காய் வெற்றிலை போட்டு எல்லோருக்கும் கொடுத்த தாம்பூலப் பை! ஊர்க்காரர்கள் அதில்தான் மாற்றுத்துணி எடுத்து வருவார்கள். துணிப்பையாயிற்றே என்று பெருமையோடு உள்ளே விட்டவனும் நான்தான்.

"துணி காசி இது" என்றேன். காசி பையைக் கிழித்து நூலைத் தேடினார். ஒரு நூல்கூட இல்லை, அத்தனையும் துணி மாதிரியே தெரியும் பிளாஸ்டிக். வெட்கத்தோடு மற்றப் பைகளைக் கம்பியிலிருந்து பிடுங்க ஆரம்பித்தேன். காசி சொன்னார்:

"நாலு நாளா ஒங்க தண்ணிய மறிச்சுக்கிட்டு நின்னது ஒங்க மகளும் மாப்பிள்ளையுந்தாண்ணே."

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: யாரையும் திட்டுவதற்கு முன், பையில் அச்சடித்திருக்கும் பெயரை ஒரு தரம் வாசித்துவிட வேண்டும்.