பேசாமல் இருந்ததால் கிடைத்த பதவி

வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்தாறு ஆண்டுகள் தரையில் நின்று வானத்தோடு பேசியே கழிந்தன. கட்டடம் எழும் இடத்தில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். கையில் வாக்கி டாக்கி, தலையில் மஞ்சள் ஹெல்மெட். கிரேன் எதைத் தூக்கினாலும் அதை எங்கே இறக்க வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கட்டடத்தின் பின்பக்கம் தெரியாது. அங்கே அவருக்குக் கண் ரேடியோவின் குரல்தான். கீழே இருப்பவர்கள் ஆபரேட்டரை ‘மாடிவீட்டுக்காரர்’ என்பார்கள்.

இருவருக்கும் இடையே ஒரு விதி உண்டு. சுமை தரை தொடும்வரை ரேடியோ விடாமல் பேச வேண்டும்: “இறக்கு, இறக்கு, இறக்கு...” குரல் நின்றால் கிரேனும் நிற்கும். நிறுத்தச் சொல்ல வேண்டிய நொடியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் ஆபத்து என்பதால் வந்த ஏற்பாடு.

ஒருமுறை கம்பிக்கட்டு ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தபோது ரேடியோவுக்குத் தும்மல் வந்துவிட்டது. கட்டு அந்தரத்தில் நின்றது.

“தும்மி முடிச்சாச்சா, இல்ல இன்னொண்ணு பாக்கி இருக்கா?” என்று கத்தினார் கம்பி வேலைக்காரர்.

“இருப்பா, வர்ற மாதிரி இருக்கு.”

இரண்டாவது தும்மல் வந்து போகும்வரை மாடிவீட்டுக்காரர் கம்பிக்கட்டை அசைக்கவில்லை.

சென்ற மாதம் சைட் மேனேஜர் ரேடியோவைக் கூப்பிட்டார். முப்பது வயதுப் பெண். எதையும் நடந்துகொண்டே பேசுபவர். “அண்ணே, பாதுகாப்புப் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. வெயில்ல நிக்க வேண்டாம், ஃபேனுக்கு அடியில உக்காந்து பாக்கற வேலை. உங்களையே போட்டுடட்டுமா?”

ரேடியோ வாயைத் திறக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ‘நிறுத்து’. மேனேஜர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு, சிரித்தபடி அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அன்றிரவு சாப்பாட்டின்போது மனைவியும் கேட்டார். அங்கேயும் அதே மௌனம். மனைவி தன் அக்காவுக்கு ஃபோன் போட்டு, “ஒத்துக்கிட்டார்க்கா” என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை புது ஹெல்மெட்டோடு ஒருவர் வந்து நின்றார். “வணக்கம். திங்கக்கிழமையிலேருந்து உங்க இடத்துல நான்தாங்க.”

ரேடியோ வாக்கி டாக்கியை எடுத்து மேலே இருப்பவரிடம் புலம்பினார். “நான்தான் ஒரு வார்த்தையும் பேசலியே!”

“அந்த ரூல் உங்களுக்கும் எனக்கும்தாண்ணே” என்றார் மாடிவீட்டுக்காரர். “ஆபீஸ்ல பேசாம இருந்தா வண்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும்.”

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: “எனக்கு அந்த ஆபீஸ் வேலை வேண்டாம்.”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். “கேட்டப்ப பேசாம இருந்தீங்களே?”

“வேண்டாம்னா பேசமாட்டேன்.”

“இது எப்போலேருந்து? வாசக்கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கட்டுமான்னு கேட்டப்பவும் இப்படித்தான் இருந்தீங்க.”

“அதுவும் வேண்டாம்னுதான்.”

“அடப்பாவி மனுஷா! ஏழு வருஷமா அதைத்தானே தொறந்து மூடறீங்க? சரி, எங்கம்மா வந்து ரெண்டு மாசம் தங்கட்டுமான்னு கேட்டேனே?”

ரேடியோ பேசவில்லை.

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்று மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் மற்றது வெளியே வந்தது. மேனேஜரிடம் அந்த இடத்தைக் கேட்டதே மனைவிதான். “நீங்க வர லேட்டானா, தலைமேல ஏதாவது விழுந்துடுச்சோன்னு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறேன்.”

“ஒருநாள்கூட சொன்னதில்லையே.”

“தினமும் பாத்துப் போங்கன்னு சொல்றேனே, அது என்னவாம்?”

அதை ரோட்டைக் கடப்பதற்கான எச்சரிக்கை என்றே அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். வெங்காயத்தை எடுத்து மேசையின் நடுவே வைத்தார். ஒரு டம்ளரைத் தள்ளி ஓரத்தில் வைத்தார். “இது சுமை. இது நான். அடியில ஒரு ஆள் நின்னாலும் மாடிவீட்டுக்காரர் தூக்கமாட்டார். நான் இங்கதான் நிப்பேன்.”

மனைவி டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். “இவ்வளவு தூரம் நிப்பீங்களா?”

“நிக்கறேன்.”

“அப்போ போய் அந்தப் பொண்ணுகிட்ட வாயைத் தொறந்து பேசுங்க.”

சனிக்கிழமை காலை மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஆர்டர் போயிடுச்சுண்ணே. புது ஆளும் சேர்ந்துட்டார். அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“தப்புதான். இப்ப சொல்றேன், மேடம். எனக்கு ஆபீஸ் வேண்டாம். கிரேன் வேணும்.”

“இந்தக் கட்டடத்துல இனி முடியாது. அடுத்ததுல தரேன். அதுவரைக்கும் ஆபீஸ்ல இருங்க, சரியா?”

“சரி, மேடம்” என்றார் உடனே. “அடுத்த கட்டடம் எனக்குத்தான்னு எழுதிக் கொடுத்துடுங்க.”

எழுதிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை முதல் ரேடியோ ஆபீஸில் இருக்கிறார். அடுத்த கட்டடத்துக்கான கிரேன் இரண்டு மாதத்தில் வந்து இறங்குகிறது.